ஒரு சாண் சிவப்பு

அணையிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு வந்த தகவல் ஒரே வரிதான். இன்னும் இரண்டு மதகுகளைத் திறந்துவிட்டார்களாம். பாதைக்காரம்மா அதைப் படித்துவிட்டுப் போனை மழைக்கோட்டுப் பைக்குள் போட்டாள். பக்கத்தில் நின்ற சந்தேகத்திடம், கொஞ்சம் ஏறும் போலிருக்கிறது என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

சந்தேகம் என்பது அவளோடு வேலை பார்ப்பவனின் பட்டப்பெயர். வேலைக்கு வந்த முதல் நாளே, இந்த ஆறு எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டவன் அவன். அன்று ஒட்டிக்கொண்ட பெயர், வருகைப் பதிவேட்டைத் தவிர எல்லா இடத்திலும் நிலைத்துவிட்டது. நாற்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன், எதையும் இரண்டு தடவை அளந்து பார்க்கிற ஆள். அளக்கிற கோட்டை மட்டும் அவன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அவர்கள் இருவரும் காவல் காத்தது ஒரு பள்ளத்தை. ஆற்றங்கரையோடு நகரம் முழுக்கப் பதினான்கு கிலோமீட்டர் ஓடுகிற சைக்கிள் பாதை, அந்த ஓரிடத்தில் மட்டும் லாரிச் சாலையின் பாலத்துக்கு அடியில் இறங்கி ஏறும். மழைக்காலம் வந்தால் முதலில் முழுகுவதும் அந்த இடம்தான். பாதை அறுந்து போகக் கூடாது என்று அங்கே மிதவை போட்டிருந்தார்கள். கட்டில் அகலத்துக்குப் பிளாஸ்டிக் பெட்டிகள் இருபத்திரண்டு, மேலே ரப்பர் விரிப்பு, இரண்டு பக்கமும் கயிறு. நான்கு இரும்புக் கம்பங்களைப் பிடித்துக்கொண்டு அது தண்ணீரோடு ஏறும், தண்ணீரோடு இறங்கும்.

முழுகவே முழுகாது. அதுதான் அதில் வில்லங்கம். மிதவை ஏற ஏற, தலைக்கு மேலே இருக்கிற பாலத்தின் உத்தரம் நகராமல் அப்படியே நிற்கும். இடைவெளி குறைந்துகொண்டே வரும், அந்த இடைவெளிக்குள்தான் சைக்கிளில் வருகிறவர்களின் தலை இருக்கிறது. அதனால் கம்பத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். மிதவை கோட்டைத் தொட்டால் இரண்டு பக்கமும் கேட்டை மூடிவிட வேண்டும். எப்படி மூடுவது, எந்தப் பூட்டு போடுவது என்று விதிப்புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தது. மூடிய பிறகு ஜனங்கள் எங்கே போவார்கள் என்பதைப் பற்றி அந்தப் புண்ணியவான்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

எங்கே போவார்கள், மேலேதான் போவார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சரிவில் ஏறி, லாரிச் சாலையைக் குறுக்கே கடந்து, அந்தப் பக்கச் சரிவில் இறங்கினால் மறுபடி பாதை. முப்பது தப்படி தூரம். சிக்னல் கிடையாது. வளைவைத் தாண்டி வருகிற சரக்கு லாரிக்கு ஆள் நிற்பது கிட்டத்தில்தான் தெரியும்.

நான்கு வருஷத்துக்கு முன்பு, இதே மாதிரி ஒரு மழை நாளில், மிதவை சிவப்பைத் தொட்டதும் அவள் கேட்டை மூடினாள். வரிசையில் அவளுடைய சொந்த அண்ணன் நின்றிருந்தான். நான் ஒருத்தன் குனிந்துகொண்டு போய்விடுகிறேனே என்று கெஞ்சிப் பார்த்தான். "உனக்கு மட்டும் தொறந்தா நல்லாவா இருக்கும்? மேல போண்ணா, ரெண்டே நிமிஷம்" என்றாள். சரிங்க ஆபீசரம்மா என்று சிரித்துக்கொண்டே அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சரிவில் ஏறினான். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, மேலே பிரேக் சத்தம் கேட்டது.

விசாரணையில் அவள் மேல் தப்பில்லை என்று முடிந்தது. அண்ணி எதுவும் கேட்கவில்லை, திட்டவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதைக்காரம்மா காதும் காதும் வைத்த மாதிரி ஒரு காரியம் செய்தாள். கம்பத்தில் இருந்த சிவப்பைச் சுரண்டிவிட்டு அதன் மேல் சாம்பல் நிறம் அடித்தாள். ஒரு சாண் மேலே தள்ளி புதுச் சிவப்பு போட்டாள். ஒரு சாண்தானே, அளந்தவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் வைத்திருப்பார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு மூன்று வருஷமாகக் கேட் மூடவில்லை, யாரும் மேலே ஏறவில்லை. அறுபடாத பாதைக்கென்று அலுவலகத்தில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஷெட்டில் தொங்கிய அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பல் கூசும்.

அண்ணிக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தினமும் நாலே முக்காலுக்குத் திரும்பி வருவாள். அண்ணனின் சைக்கிளைச் சரிசெய்து அவளே ஓட்டுகிறாள். நல்ல உயரம், ஒட்டகச்சிவிங்கி என்றுதான் அண்ணன் அவளைக் கூப்பிடுவான். மிதவைக்குள் நுழையும்போது ஒரு தரம் மணி அடிப்பாள், நேராகப் பார்த்துக்கொண்டு போய்விடுவாள். அந்த மணிச் சத்தம் கேட்ட பிறகுதான் பாதைக்காரம்மாவுக்கு டீ தொண்டையில் இறங்கும்.

மூன்றரை மணிக்கு ஆற்றின் நிறம் மாறியிருந்தது. மேலிருந்து ஆகாயத்தாமரை கும்பல் கும்பலாக வந்து மிதவையில் முட்டியது. ஒரு கதவும், யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடியோ, அதுவும் வந்தது. சந்தேகத்தைக் கம்பத்தருகே நிறுத்திவிட்டு அவள் நீளக் கழியால் செடிகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்து முனகின. எத்தனை தள்ளினாலும் அடுத்த கும்பல் வந்துகொண்டே இருந்தது, அவளுக்குத் தோள் கழன்றுவிடும் போல இருந்தது.

நாலேகாலுக்குப் பாலத்தடியிலிருந்து ரொட்டி விநியோகம் செய்கிற ஆள் வெளியே வந்தான். நெட்டையன், நல்ல தமாஷ் பேர்வழி. ஹெல்மெட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "உங்க பாலம் குட்டையாயிட்டே வருதா, இல்ல நான்தான் வளர்றேனா?" என்று கேட்டுச் சிரித்தான். ஹெல்மெட்டின் உச்சி இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவில் சிமெண்டுத் தூள் ஒட்டியிருந்தது. அவன் போன பிறகும் அந்தத் தூள் அவள் விரல் நுனியிலேயே இருந்தது.

சந்தேகத்தின் முகம் வெளிறிவிட்டது. "சிவப்புக்கு இன்னும் நாலு விரல் இருக்குக்கா. ரெண்டு தடவ பார்த்துட்டேன்" என்றான்.

"அந்தச் சிவப்பு பொய். நான்தான் ஏத்தி அடிச்சேன்."

அவன் கம்பத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சாம்பல் நிறம் அடித்த இடம் எப்போதோ தண்ணீருக்குள் போயிருந்தது.

இந்தப் பக்கக் கேட்டை அவனை மூடச் சொல்லிவிட்டு, அவள் குனிந்துகொண்டே மிதவையில் ஓடினாள். ஓட ஓட உத்தரம் முதுகுக்கு மேலேயே கூட வந்தது. ஈரக் கான்கிரீட்டின் வாடை மூக்கில் ஏறியது. நடுவில் ஒரு தரம் அறியாமல் நிமிர்ந்துவிட்டாள், நல்லவேளையாகத் தலைமுடி மட்டும்தான் உரசியது. குனிந்து ஓடியவளுக்கே இந்தக் கதி என்றால், உயரமான சைக்கிளில் உட்கார்ந்து வருகிற அண்ணிக்கு என்ன ஆகும் என்று அவளுக்கு நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்தப் பக்கக் கேட்டை இழுத்துப் பூட்டும்போதே ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் முப்பது பேர். இத்தனை வருஷம் மூடாத கேட்டை இன்றைக்கு மட்டும் ஏன் மூட வேண்டும் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அவள் பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். மேலே லாரிகள் போகப் போகப் பாலம் அதிர்ந்து, உத்தரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் உதிர்ந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணி வந்தாள். சைக்கிளை விட்டு இறங்கினாள். பூட்டைப் பார்த்தாள். பிறகு, நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, பாதைக்காரம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்கும் மூடிட்டியா?"

"ஆமா அண்ணி."

அண்ணி தலையை ஆட்டினாள். சைக்கிளைத் திருப்பிச் சரிவில் தள்ளத் தொடங்கினாள். அதே சைக்கிள், பின்பக்க மட்கார்டில் அதே நசுங்கல். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவள் பின்னால் நகர்ந்தார்கள். பாதைக்காரம்மாவுக்குக் காதில் வேறு எதுவும் விழவில்லை, மேலே வளைவில் கியர் மாறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பாதை ஊழியர்கள் சாலையில் கால் வைக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. சாலை வேறு துறையின் சொத்து. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை அவள் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியவள். இப்போது போனை எடுத்துச் சந்தேகத்தைக் கூப்பிட்டாள். ஷெட்டில் இருக்கிற மஞ்சள் பீப்பாய் நாலையும் கயிற்றையும் சிவப்புக் கொடிகளையும் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு மேலே வரச் சொன்னாள்.

"மேல நமக்கு அதிகாரம் இருக்காக்கா?"

"இல்ல. கொண்டு வா."

அவள் சரிவில் ஓடி, எல்லாரையும் முந்திக்கொண்டு சாலை விளிம்பில் கைகளை விரித்து நின்றாள். அண்ணியின் முன்சக்கரம் அவள் முழங்காலில் வந்து முட்டியது. எதிர்ப்பக்கத்தில் தள்ளுவண்டி தலை தூக்கியது. சந்தேகம் பீப்பாய்களை உருட்டினான். அவன் ஒரு பக்கத்துக்குக் கொடியோடு போக, அவள் வளைவுப் பக்கத்துக்குப் போய்ச் சாலை நடுவில் நின்று கொடியைத் தூக்கிப் பிடித்தாள்.

வளைவிலிருந்து வெளிச்சம் வந்தது. பின்னாலேயே பிரேக் சத்தம், நான்கு வருஷமாக அவள் தூக்கத்தில் கேட்கிற அதே சத்தம். கண்ணை இறுக மூடிக்கொண்டாள், கொடியை மட்டும் இறக்கவில்லை. திறந்தபோது லாரியின் முகப்பு மூன்று கை தூரத்தில் புகைவிட்டுக்கொண்டு நின்றது. டிரைவர் ஹாரனை அழுத்தினான். பீப்பாய்களைப் பார்த்தான், தள்ளிக்கொண்டு போகிற கூட்டத்தைப் பார்த்தான், கையை எடுத்துவிட்டான்.

முப்பது பேர் கடந்தார்கள். மிஞ்சிப் போனால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக வந்த அண்ணி சாலை நடுவில் நின்றாள். பீப்பாய்களைப் பார்த்தாள். வண்ணம் உரிந்த பழைய பீப்பாய்கள், அடியில் வருஷக்கணக்கான தூசி மழையில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. கயிற்றைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள்.

"இதெல்லாம் அன்னைக்கும் ஷெட்டுலதானே இருந்துச்சு?"

பாதைக்காரம்மா கொடியைத் தாழ்த்தினாள். "ஆமா அண்ணி" என்றாள்.

அண்ணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கச் சரிவில் இறங்கிப் போனாள். மணி அடிக்கவில்லை. அதற்குள் சாலை விளிம்பில் அடுத்த கூட்டம் வந்து சேர்ந்திருந்தது. சந்தேகம் அங்கிருந்து கையைக் காட்ட, அவள் கொடியை மறுபடி தூக்கினாள்.