நான்காவது வரிசையின் கடைசிக் கட்டம்

மூன்று வரிசை நிரம்பிவிட்டது. குடிநீர்க் குழாய்களை மாற்றும் மசோதா: ஆதரவு. பள்ளி வேன்களுக்குத் தகுதிச் சான்று: ஆதரவு. வீட்டு வாடகை முன்பணத்துக்கு வரம்பு: எதிர்ப்பு. நான்காவது வரிசையின் கடைசிக் கட்டத்தில் கர்சர் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து அவளுக்கு அதோடுதான் மல்லுக்கட்டு.

மாதம் ஒரு கடிதம், சட்டமன்ற உறுப்பினர் பெயரில் தொகுதியில் எட்டாயிரம் வீட்டுக்குப் போகும். எதற்கு எப்படி வாக்களித்தார் என்று சொல்லும் அந்தக் கடைசிக் கட்டம் அவள் கொண்டுவந்தது. அவள் உதவியாளராக வேலைக்குச் சேரும் முன் கடிதம் முழுக்க உறுப்பினர் ரிப்பன் வெட்டும் படங்கள்தான். "ரிப்பன் வெட்டுறதுக்கா சார் உங்களை அனுப்பினாங்க? எதுக்கு ஓட்டுப் போட்டீங்க, எதுக்குப் போடலன்னு சொல்லுங்க" என்று முதல் வாரமே கேட்டுவிட்டாள். வேறு ஆளாக இருந்தால் அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார்கள். இவர் சிரித்தார். "உனக்கு வாய்ல பிரேக்கே கிடையாதா?" என்றார். மறுமாதம் கட்டம் வந்துவிட்டது. கடிதத்தை அச்சுக்கு முன்னால் படிக்கும் வழக்கம் மட்டும் அவரிடம் இல்லை. பள்ளிக்கூட ஹாலில் நடக்கும் கூட்டத்தில், மைக் முன்னால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படிப்பாரே, அதுதான் அவருக்கும் முதல் வாசிப்பு.

நான்காவது வரிசையில் இருந்தது, ஒப்பந்தத்தில் மூன்று வருடம் முடித்த துப்புரவுப் பணியாளர்களை நிரந்தரமாக்கும் மசோதா. ஒரே ஒரு வாக்கில் தோற்றுப்போனது. உறுப்பினர் உள்ளே இருந்திருந்தால் சமமாகியிருக்கும். சமமானால் அவைத்தலைவர் ஒரு வாக்குப் போடுவார். அவர் எந்தப் பக்கம் போட்டிருப்பார் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அன்று உறுப்பினர் அவைக்கு வெளியே, நடைபாதையில் நின்றிருந்தார். ஓடிப்போகவில்லை, ஒளியவும் இல்லை. அவையின் பெரிய கதவு முதுகுக்குப் பின்னால் திறந்திருக்க, "இந்த மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டு உங்களிடம் பேசுகிறேன்" என்று தொகுதி மக்களுக்காக வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். வாக்கெடுப்பு முடிந்ததும் பேச நேரம் இருக்காது, முன்கூட்டியே எடுத்துவிடலாம் என்பது அவள் யோசனை. போனைப் பிடித்திருந்ததும் அவள்தான். வாக்கெடுப்புக்கான மணி அடித்தது. அடித்தால் ஐந்து நிமிடம் கணக்கு, அப்புறம் கடவுளே வந்து தட்டினாலும் கதவு திறக்காது. அவர் "நிரந்தரம்" என்ற இடத்தில் தடுமாறினார். "இன்னும் ஒரே ஒரு தடவை சார்" என்றாள். நன்றாக வந்தது. இத்தனை நாளில் அவர் பேசியதிலேயே நல்ல வீடியோ. அங்கேயே நின்று பதிவேற்றிவிட்டு நிமிர்ந்தபோது அவர் சாத்திய கதவின் முன்னால், உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடி நின்றிருந்தார்.

இப்போது அவள் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஆதரவுன்னு போட்டுடு."

"நீங்க போடலயே சார்."

"நான் எந்தப் பக்கம்னு வீடியோல ஊரே பாத்துச்சும்மா. நாலாயிரம் பேரு."

"கதவு பாக்கலயே."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "உள்ளதைப் போட்டா கேள்வி வரும். வீடியோ யாரு எடுத்தா, இன்னொரு தடவைன்னு யாரு சொன்னா... உங்கம்மா கூட்டத்துக்கு வருவாங்கல்ல?"

மிரட்டல் இல்லை அது. அவள் முகத்தைப் பார்த்து, நிஜமாகவே சங்கடப்பட்டுச் சொன்னார். மிரட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். "நீயே பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அம்மா ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறாள். பதினான்கு வருடம். பதினொரு மாதத்துக்கு ஒரு தடவை வேலை முடிந்ததாகக் கையெழுத்து வாங்கி, இரண்டு நாள் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தத் துடைப்பத்தில்தான் மகள் பட்டம் வாங்கினாள். வார்டில் அவளுக்குப் பெயரே "டிகிரி"தான். உன் டிகிரி எப்படி இருக்கு, டிகிரிக்கு மாப்பிள்ளை பாக்கலயா என்பார்கள்.

வீட்டுக்குப் போனபோது அம்மா வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து அந்த வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனாவது தடவைம்மா?"

"எண்ணவா முடியும்? தொடக்கத்துல 'ரெடி சார்'னு உன் குரல் வருது பாரு. வார்டு பூரா காட்டிட்டேன்."

"மசோதா தோத்துப் போச்சும்மா."

"தெரியும்டி. பேப்பர்ல வந்துச்சாம்." அம்மா குதிகால் வெடிப்பைத் தேய்த்துக்கொண்டாள். "தோத்தா தோக்கட்டும். இத்தனை வருஷத்துல நமக்குன்னு சட்டசபைக்குள்ள ஒருத்தராவது நின்னாரே, அது போதும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். யாரிடமும் மூஞ்சிக்கு நேரே பேசுகிறவள் என்று பெயரெடுத்தவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் அலுவலகத்தில் தட்டச்சு செய்தாள், அழித்தாள், மறுபடி செய்தாள். அம்மாவிடம் வாயால் சொல்லப் பயந்து எட்டாயிரம் வீட்டுக்கு எழுதிப் போடுகிறோமே என்று அவளுக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் அச்சுக்கு அனுப்பினாள்.

வீடுகளுக்குப் போகும் முன், கூட்டத்தன்று கடிதம் ஹால் வாசலில் கையில் கையில் கொடுக்கப்பட்டது. இரண்டாம் வரிசையில் அம்மா, பக்கத்தில் வார்டு ஆட்கள் ஆறு பேர், எல்லோரும் டியூட்டி உடுப்போடு. அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். விரலை வரியின் கீழ் வைத்து, உறுப்பினரின் குரலுக்குப் பின்னாலேயே நகர்த்திக்கொண்டு வந்தாள். மகள் சுவரோரம் நின்று, வழக்கம்போல் போனைத் தூக்கிக் கூட்டத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

உறுப்பினர் மூன்று வரிசையை முடித்தார். வாடகைக்காரர் ஒருவர் பின்னாலிருந்து முணுமுணுத்தார், அதற்குப் பதில் சொன்னார். நான்காவதற்கு வந்தார்.

"வாக்களிக்கவில்லை" என்று படித்தார். நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து, அதே குரலில் மிச்சத்தையும் படித்தார். "மணி அடித்தபோது வெளியே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தோம். இன்னொரு தடவை எடுக்கலாம் என்று உதவியாளர் சொன்னார். நானும் நின்றேன். கதவைச் சாத்திவிட்டார்கள்."

"சொன்னா நிக்கணுமா சார்?" என்றாள் அம்மாவின் பக்கத்திலிருந்தவள். "உங்களுக்குக் காலு இல்ல?"

"இருந்துச்சும்மா" என்றார் உறுப்பினர். "தப்பு என்னுதுதான்."

அம்மாவின் விரல் அப்போதுதான் அந்தக் கட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. கூட்டிப் படித்து முடிக்கும்வரை ஹால் அவளுக்காகவே காத்திருந்தது. கடிதத்தை நான்காக மடித்தாள். பையில் கைவிட்டுப் போனை எடுத்தாள்.

"ரெடி சார்" என்றது போன், ஹால் முழுக்கக் கேட்கும்படி.

அம்மா திரையைக் கண்ணருகே கொண்டுபோனாள். சுவரோரம் மகளின் கை இறங்கவில்லை. அவள் போனுக்குள் அம்மா, அம்மாவின் உள்ளங்கையில் சின்னதாக உறுப்பினர், அவர் தோளுக்குப் பின்னால் அந்தப் பெரிய கதவு இன்னும் விரியத் திறந்தே கிடந்தது.