பாதி மாவு

புயலுக்கு முந்தின நாள் லாஞ்சில் போன என் அண்ணன் கொபாத் திரும்பவே இல்லை. அந்த லாஞ்சின் பலகைகள் மட்டும் கரை ஒதுங்கின. ஈரான் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊர் புஷேரில், அவன் செத்துவிட்டான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள், என் அம்மாவைத் தவிர. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் மாவு வறுக்கக் கூடாது. நெய்யில் கோதுமை மாவு சிவக்கிற வாசனை தெருவுக்குப் போனால், இறந்தவருக்கு அல்வா கிளறுகிறார்கள் என்று ஊரே புரிந்துகொள்ளும். அந்த வாசனை போய்ச் சேர்ந்தால்தான் செத்தவருக்கு நிம்மதி என்பார்கள்.

"உயிரோட இருக்கிறவனுக்கு எதுக்குடி அல்வா?" என்பாள் அம்மா. அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இதற்கு நடுவில்தான் கொபாத்தின் மனைவி மஹ்லகா அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். சூப் வைத்துக் கொடுத்தேன், தொடவில்லை. பாலும் சரியாகச் சுரக்கவில்லை. குழந்தை அழுது அழுது ஓய்ந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணி திரும்பிப் படுத்தாள்.

"அத்தை, எனக்குக் கொஞ்சம் காச்சி பண்ணித் தர்றீங்களா?"

காச்சி, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. அதற்கும் அதே மாவு, அதே நெய், அதே வாசனை. வறுத்த மாவில் பாகை நிறைய ஊற்றினால் காச்சி, குறைத்தால் அல்வா.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"நான் வறுக்கிறேம்மா. ஜன்னலெல்லாம் சாத்திக்கிறேன்."

"நீ வறுத்தா கருக்கிடுவ. தள்ளு."

அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். மாவு வெளுப்பிலிருந்து பொன்னிறமாகி, பிறகு சிவக்க ஆரம்பித்தது. சாத்தின ஜன்னல் வாசனைக்கு என்ன தடை? கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு சஃபூரா பெரியம்மா, பின்னால் இரண்டு பெண்கள், எல்லோரும் கறுப்பில். பெரியம்மா கையில் ஒரு தட்டுப் பேரீச்சம்பழம்.

"நல்லா அழுதுடச் சொல்லு உங்கம்மாவ. எத்தனை நாள் நெஞ்சுல வச்சிருப்பா?"

"பெரியம்மா, இது காச்சி. அண்ணிக்கு."

அவள் முகம் வெளிறிப்போனது. "என் மூக்கத்தான் அறுத்துப் போடணும். செத்தவங்கள நினைக்கிற வியாழக்கிழமை வேறயா, நான் என்னமோ... இந்தா, இதப் பிள்ளை பெத்தவளுக்குன்னே வச்சுக்கோ." தட்டை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பினாள்.

"வந்தவங்க உட்காருங்க," என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

நான் உள்ளே போனேன். அம்மா வறுத்த மாவில் பாதியை இன்னொரு சட்டிக்கு எடுத்திருந்தாள். முதல் சட்டியில் குங்குமப்பூவும் பன்னீரும் கலந்த பாகைத் தாராளமாக ஊற்றிக் கலக்கி, கிண்ணத்தில் விட்டு என்னிடம் நீட்டினாள்.

"சூடா குடு. வேணும்னா இன்னும் இருக்குன்னு சொல்லு."

இரண்டாவது சட்டிக்குப் பாகை அளந்துதான் ஊற்றினாள். கரண்டி நகர மறுக்கும்வரை கிளறினாள். தட்டில் கொட்டிப் பரப்பி, கரண்டியின் முதுகால் ஓரத்தைச் சுற்றி வரிவரியாக அழுத்தினாள்.

அண்ணி எழுந்து உட்கார்ந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். கூடத்தில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

"கொபாத்துக்கு ஃபாத்திஹா ஓதுங்க," என்றாள் அம்மா. "மெதுவா. பிள்ளை தூங்குது."

அண்ணியின் கரண்டி பாதி வழியில் நின்றது. வெளியே ஓதி முடிக்கிறவரை அப்படியே பிடித்திருந்தாள். பிறகு வாயில் வைத்து விழுங்கினாள்.