மூன்றாவது யூசருக்கு ஒரு ஃபோன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்ட்டில் கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். "வேலைக்கு வந்துச்சே ஒரு பொண்ணு, அது பேட்டி எடுத்ததா போட்டிருந்த அஞ்சு பேருமே டூப்பாம்" என்றான் ஒருவன். மற்றவன் சிரித்தான். மூன்றாவது மாடியில் இறங்கிப் போய்விட்டார்கள். அப்புறம் என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முன்பின் தெரியாதவர்களிடம் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் மிச்சத்தை நானே இட்டுக்கட்டுகிறேன்.

2

"மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவன் தன் லேப்டாப்பை—"

சீ, வேண்டாம். அவர்கள் பேசியது ஒரு பெண்ணைப் பற்றி, நான் எதற்கு அவளைப் பையனாக்குகிறேன்? மழை வேறு, ஓசியில் சோகம். மறுபடியும் ஆரம்பிக்கிறேன்.

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். (நாமும் அப்படியே கூப்பிடுவோம்.) டிஜிட்டல் டிசைன் படிக்க ஊரை விட்டு வந்து ஒற்றை அறை எடுத்துத் தங்கினாள். வந்த மாதமே வகுப்பை ஆன்லைனுக்கு மாற்றிவிட்டார்கள். நாற்பது பேர் படித்தார்கள், நாற்பது கேமராவும் அணைந்தே இருக்கும். அதற்காக அவள் சோடை போய்விடவில்லை. எழுத்தின் அளவு, வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடம், பட்டன் கட்டைவிரலுக்கு எட்டுமா, எல்லாம் சூட்டிகையாகக் கற்றுக்கொண்டாள்.

கடைசியாகச் சொந்தத்தில் ஒரு ஆப் வரைய வேண்டும். தனியாக இருப்பவர்களுக்குச் சமையல் அளவு சொல்லும் ஆப் என்று முடிவு செய்தாள். அதில் ஒரு விதி இருந்தது. கோடு போடுவதற்கு முன்னால், அந்த ஆப்பைப் பயன்படுத்தக்கூடிய ஐந்து யூசர்களிடம் நேரில் பேசி, அவர்கள் சொன்னதைச் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் வேலை கேட்டு அனுப்பும் போர்ட்ஃபோலியோவை எந்தக் கம்பெனியும் திரும்பிக்கூடப் பார்க்காது என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

[ஒரு ஊரில் ஐந்து பேர்கூடவா கிடைக்கவில்லை என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. பொறுங்கள்.]

3

முதலில் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள்.

"சார், ஒரு நிமிஷம். நீங்க தனியா சமைச்சுச் சாப்பிடறவரா?"

"இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டாம்மா" என்று அவர் நகர்ந்துவிட்டார்.

பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே டிவி சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை. வகுப்புக் குழுவில் செய்தி போட்டாள். மூன்று பேர் கட்டைவிரல் படம் போட்டதோடு சரி. கடைசியில் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா தினமும் ஏழு பேருக்குச் சமைப்பவள்.

"ஒரே ஒரு ஆளுக்கா? அப்படி ஒரு நாள் கெடைச்சா நான் அடுப்பையே பத்த வைக்க மாட்டேன்டி. இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குவேன்."

"சரி விடுக்கா."

"அங்கதான் உனக்கு ஏகப்பட்ட ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கன்னியே, அவங்களக் கேளேன்."

"ம், கேக்கறேன்."

அந்த ஃப்ரெண்ட்ஸும் அவள் கற்பனைதான், அம்மா கவலைப்படக் கூடாதென்று சொல்லிவைத்தது.*

* இந்த வரியை எழுதியதும் எழுந்து போய்விட்டேன். திரும்பி வரக் கொஞ்ச நேரமாயிற்று. ஏன் என்று கேட்காதீர்கள்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து ஐந்து பேரையும் அவளே எழுதினாள். ஓய்வுபெற்ற குமாஸ்தா, லாரி டிரைவர், நர்ஸ், கல்லூரி மாணவன், மனைவி வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு கணவர். டிரைவர் பேச்சுக்கு முற்றுப்புள்ளியே வைக்கவில்லை. குமாஸ்தா எல்லாப் பதிலையும் 'தாங்கள் கேட்டபடி' என்று ஆரம்பித்தார்.

மூன்றாவது யூசரான நர்ஸ் சொன்னது இது: "எப்பவும் ரெண்டு பேருக்குத்தான் சமைப்பேன். ஒரு ஆளுக்கு அளந்து வெச்சா, இனிமே யாரும் வர மாட்டாங்கன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கும்."

அதற்கப்புறம் பட்டனுக்கு என்ன நிறம் என்பதைக்கூட நர்ஸிடம் கேட்டுத்தான் முடிவு செய்தாள். "பச்சையா, நீலமா?" என்று வாய்விட்டே கேட்பாள். பைத்தியம் எல்லாம் இல்லை. பேச ஆளில்லை, அவ்வளவுதான். (அவளைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவளையே நான் யாரையும் கேட்காமல்தான் உண்டாக்கியிருக்கிறேன்.)

5

படிப்பு முடிந்தது. ஏழு கம்பெனிக்கு அனுப்பினாள், ஒன்று கூப்பிட்டது. கண்ணாடி அறையில் எதிரே டிசைன் மேனேஜர், ஐம்பது வயது அம்மாள். சின்னவள் ராப்பகலாக வரைந்த திரைகளையெல்லாம் மளமளவென்று தள்ளிக்கொண்டே போனவர், மூன்றாவது யூசரில் நின்றுவிட்டார். இரண்டு தரம் படித்தார்.

"இந்த மாதிரி ஒரு வார்த்தை எங்க ஆளுங்க யாரும் வாங்கிட்டு வந்ததில்ல. எப்படிப் பேச வெச்சீங்க?"

"சும்மா... பேசிக்கிட்டிருந்தோம், மேடம்."

"எங்களுக்கே இப்ப ஒரு ஆஸ்பத்திரி வேலை வந்திருக்கு. நர்ஸுங்ககிட்ட பேசணும். உங்கள எடுத்தாச்சுன்னே வெச்சுக்குங்க. அவங்களுக்கு ஒரு ஃபோன் போடுங்களேன், நானும் ரெண்டு வார்த்தை பேசறேன்."

சின்னவள் ஃபோனைக் கையில் எடுத்தாள்.

6

ஒரு முடிவில் அவள் அக்காவுக்கு ஃபோன் போட, அக்கா நர்ஸாக நடித்துச் சமாளிக்கிறாள். எனக்கே சிரிப்பு வந்தது, அடித்துவிட்டேன். இன்னொன்றில், "அவங்க ஊருக்குப் போயிட்டாங்க மேடம்" என்று சொல்லி, வேலையை வாங்கிக்கொண்டு அறைக்கு வருகிறாள். சந்தோஷத்தை நர்ஸிடம் சொல்ல வாயைத் திறந்தவள்—

இல்லை, அதை என்னால் முடிக்க முடியவில்லை. ஆகவே இப்படி:

"நம்பர் இல்ல மேடம். அப்படி ஒரு நர்ஸே கெடையாது. அஞ்சு பேரும் கெடையாது. கேக்க எனக்கு ஆளே கெடைக்கல. ரெண்டு பேருக்குச் சமைக்கறது நான்தான்."

மேனேஜர் என்ன சொன்னார்? "பொய் சொல்றவங்கள நாங்க—" என்று ஒரு வரி எழுதினேன். "பரவால்லம்மா—" என்று ஒரு வரி எழுதினேன். ஒன்று என் பயம், ஒன்று என் ஆசை. அதனால் மேனேஜரை எழுந்து போகச் சொல்லிவிட்டேன். அந்த நாற்காலியில் நீங்கள் வந்து உட்காருங்கள்.

இந்த ஊருக்கு வந்து பதினாலு மாதமாகிறது. எதிரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு இதை அவள் சொல்வது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேலை கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.