பாஸில் எழுதிய காரணம்

கொரோனா வந்த வருஷம். ஒரகடத்துக்குப் போகும் கம்பெனி பஸ்கள் நின்றதிலிருந்து, ஸ்ரீபெரும்புதூரில் சக்ரபாணி வீட்டு மாடியும் ஓய்ந்துவிட்டது. அங்கே வாடகைக்கு இருந்த இசக்கியும் கூட்டாளிகளும் கதவைப் பூட்டிக்கொண்டு, காய்கறி லாரி ஏறித் திருநெல்வேலிக்குப் போய் ஐம்பது நாள் ஆகிறது. அப்புறம் சக்ரபாணி வாய் திறந்து பேசுவதெல்லாம் பெருமாளோடும் போனோடும்தான்.

"வெள்ளிக்கிழமை வரேம்ப்பா. ஜில்லா தாண்டி வர பாஸுக்கு எழுதிப் போட்டிருக்கேன்" என்று கோயம்புத்தூரிலிருந்து மகன் கேசவ் சொன்னான். எழுபத்திரண்டு வயதுக்காரர் மெத்தையைத் தாமே சுமந்துபோய் மொட்டைமாடி வெயிலில் போட்டார்.

மறுநாளும் போட்டுவிட்டு இறங்குகையில் போன் அடித்தது. பாஸ் கொடுக்கும் அலுவலகம்.

"சார், சக்ரபாணின்றவரு இறந்துட்டாரு, சாவுக்குப் போவணும்னு கேசவ்ன்றவரு பாஸ் கேட்டுகீறாரு. இறந்தவரு வூட்டு நம்பர்னு இதான் கீது. நெஜந்தானா?"

சக்ரபாணியின் முதுகு விறைத்தது. மூன்று தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்த குடும்பம். அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். வெள்ளிக்கிழமை பிள்ளை வாசலில் நிற்பான்.

"நான்தான் சக்ரபாணி. உயிரோடதான் இருக்கேன்."

எதிர்முனையில் சிரிப்பு. "இன்னிக்கு நீங்க பதினோராவது சாவு, பெரியவரே. மத்த பத்து வூட்லயும் ஆமான்னுட்டாங்க. உங்களுக்கு இன்னா வந்துச்சு?"

"பொய் எழுதிண்டு என் பிள்ளை இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்."

பாஸ் மனு ரத்தாயிற்று.

சாயங்காலம் கேசவ் கூப்பிட்டான்.

"வேற காரணம் எழுதினா தரமாட்டேங்கறாப்பா. ஒரே ஒரு வார்த்தை, எனக்காகச் சொல்லக்கூடாதா? தனியா என்ன பண்ணுவேள்?"

"தனியாவா? யார் சொன்னா? மாடியிலே இசக்கி இருக்கான், கூட ரெண்டு பேர். கறிகாய் வாங்கித் தரான். தினம் வந்து எட்டிப் பாக்கறான்."

"அவாள்லாம் ஊருக்குப் போகலையா?"

"போகலை."

"நீங்க சொன்னா சரிதாம்ப்பா." மகன் விட்ட பெருமூச்சு போனிலேயே கேட்டது. "ஒரு வாரமா தூக்கமே இல்லை. இன்னிக்குத் தூங்குவேன்."

போனை வைத்துவிட்டு சக்ரபாணி மாடியேறினார். மெத்தையில் இன்னும் சூடு இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கும்போது, இசக்கியின் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பூட்டின்மேல் தூசி படிந்திருந்தது. மேல்துண்டின் முனையால் அதைத் துடைத்துவிட்டுக் கீழே போனார்.