மூன்றாவது மணி

அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கப் பத்தே நாள், எழுபது சீருடைச் சட்டைகளுக்குக் காலர் வைக்க வேண்டும். முன்னறையிலிருந்து, "ஏம்மா, மூணாவது மணி கேக்குதா பாரு" என்று சத்தம் போட்டார். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஊசிகளுக்கு நடுவிலேயே, "கேக்கல" என்று சொல்லிவைத்தேன்.

நான் காதே கொடுக்கவில்லை. ஆளை விட்டால் போதும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவர்கள் ஒரு நாளைக்கு இப்படி இருபது பதில் சொல்வார்கள். எல்லாவற்றுக்குமா தண்டனை கிடைக்கிறது?

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் 'காது'. கீழ்த்தளத்தில் கதவின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பார். ஒன்பதாவது மாடிக்கு மேலே மோட்டாரில் எந்த பேரிங் கிரீஸ் இல்லாமல் காய்கிறது என்று சொல்லிவிடுவார். மேலே போய்ப் பிரித்துப் பார்த்தால் அதேதான். "காதைக் கூப்பிடுங்கப்பா" என்று மேனேஜரே சொல்வாராம். இதை மாதத்துக்கு ஒரு தடவையாவது எனக்குச் சொல்வார். நானும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வேன்.

ஒரு பழைய ஹோட்டலை இடித்தபோது அங்கிருந்த லிஃப்டைக் கழற்ற இவரைத்தான் அனுப்பினார்கள். போனவர் அடித்தளத்தில் கிடந்த ஒரு பின்பால் மெஷினைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். என்னைவிட நான்கைந்து வயதுதான் குறைவாக இருக்கும் அதற்கு. நாலு கால், கண்ணாடி மூடிய சாய்வுப் பலகை. ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் ஒரு எஃகுக் குண்டு மேலே ஓடி, முளைகளிலும் வளையங்களிலும் மோதிக்கொண்டு இறங்கி வரும். கீழே இரண்டு சின்னக் கட்டைகள் இருக்கும். பக்கத்துப் பொத்தான்களை அமுக்கி, குண்டு குழிக்குள் விழாமல் அந்தக் கட்டைகளால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதுதான் ஆட்டம். தலைப்பக்கக் கண்ணாடியில் சிவப்புத் துண்டு கட்டிய ஒரு பெண்ணின் படம். பாதி மூக்கு உரிந்திருந்தது. எங்கள் முன்னறையில் சோபா இருந்த இடத்தை அவள் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நான் வைத்த பெயர் சக்களத்தி.

பழைய லிஃப்டின் வயிற்றில் இருப்பதும் இதன் வயிற்றில் இருப்பதும் ஒன்றுதான் என்றார். எல்லாம் ரிலே, காயில், காண்டாக்ட். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பலகையைத் தூக்கி நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். நூற்றுச் சொச்சம் காண்டாக்டுகளையும் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். எண் சக்கரங்களை என் பாத்திரம் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவினார். அதற்கு நான் போட்ட சண்டை தனிக்கதை. ஒரு வருடத்தில் சக்களத்திக்கு உயிர் வந்துவிட்டது. விளக்கு எரிந்தது, சக்கரம் சுற்றியது, கட்டைகள் அடித்தன. பாக்கி மணி மட்டும்தான்.

மணி என்றால் கோயில் மணி மாதிரி இல்லை. ஒரு பெட்டிக்குள் மூன்று இரும்புப் பட்டைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காயில். பத்துப் புள்ளி எடுத்தால் பெரிய பட்டையையும் நூறு எடுத்தால் நடுப்பட்டையையும் ஒரு குச்சி வந்து தட்டும். குண்டு மேலே இருக்கும் ஓட்டையில் விழுந்தால் ஆயிரம். அதற்குச் சின்னப் பட்டை. முதல் இரண்டும் நன்றாகவே அடித்தன. மூன்றாவதைத்தான் அன்றைக்கு என்னிடம் கேட்டார்.

சீருடைகளைக் கொடுத்து முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெகுநாள் கழித்துக் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் சின்னப் பட்டைக்கு அடியிலிருந்த ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு, சைக்கிள் டியூபில் வெட்டிய வளையத்தைப் போட்டிருந்தார். குச்சியை விரலால் சுண்டினார். பட்டை அடித்தது. கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்டதுபோல மெல்லிசாக, சுத்தமாக அடித்தது. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, 'அப்பாடா, ஒருவழியாக முடிந்தது' என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மறுபடி சுண்டினார். மறுபடி அடித்தது. "பாத்தியா? அடி விழுது, ஆனா பாட மாட்டேங்குது. செத்த பொணம்" என்றார்.

ஃபிரிட்ஜ் கதவு சரியாகச் சாத்தாமல் கீச்சிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் பக்கத்திலேயே நின்று பேப்பர் படித்தது, எனக்குக் காய்ச்சல் வந்தபோது தெர்மாமீட்டர் சத்தம் போட்டு ஓய்ந்த பிறகும் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றது, அடுப்பில் கெட்டில் ஊதி ஊதி வற்றிப்போனது எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. கல்யாணமான ஆம்பளைக்குப் பாதிக் காதுதான் வேலை செய்யும் என்று இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"உனக்காவது கேட்டுச்சா?" என்று கேட்டார்.

"இல்லையே" என்றேன்.

முதல் தடவை சொன்னது அலட்சியம். இது பொய். நன்றாகத் தெரிந்தே சொன்ன பொய். 'காது' என்று பெயர் வாங்கிய ஆளிடம், உங்களுக்குக் காது போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? அந்த மனுஷனுக்கு வேறு என்ன பெருமை இருக்கிறது? அன்னைக்கு நீயும்தானே கேக்கலன்னு சொன்னே என்று திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? நாளைக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

நாளை வரவே இல்லை. ஐந்து மாதம் போயிற்று. அவர் அந்தப் பட்டையை வினிகரில் ஊறவைத்தார். காயிலைப் பிரித்துப் புதிதாகச் சுற்றினார். கரண்டு குறைகிறதோ என்று மொத்த வயரிங்கையும் வெளியே இழுத்துப் போட்டார். நன்றாக வேலை செய்துகொண்டிருந்ததெல்லாம் கெட்டது. எண் சக்கரம் எழுநூறில் மாட்டிக்கொண்டது, ஒரு கட்டை செத்துப்போனது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகச் சக்களத்தி என் கண்ணெதிரிலேயே தேய்ந்தாள். அவரும் தேய்ந்தார். சாப்பிடும்போது பேச்சில்லை. "ஒரு மணியைப் பாட வைக்கத் தெரியல, நான் என்ன மெக்கானிக்?" என்று ஒரு நாள் தட்டைப் பார்த்துச் சொன்னார். அடித்துக்கொண்டிருக்கும் மணியை அடிக்க வைக்க மனுஷன் உயிரை விடுகிறார். நான் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போதுதான் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு லிஃப்ட் விவகாரம் வந்தது. மேலே கீச்சென்று சத்தம் வருகிறது என்று குடியிருப்பவர்கள் புகார்ப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தார்களாம். அரை மணி நேரம் மோட்டார் அறையில் நின்று கேட்டேன், ஒரு சத்தமும் இல்லை, வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று திட்டிக்கொண்டே வந்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். இதற்கு மேல் எனக்கு எந்தச் சாக்கும் கிடையாது. இனி இது அவர் பெருமை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை, அந்த லிஃப்டில் ஜனங்கள் ஏறி இறங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றுதான் கேட்டேன்.

ஒன்பதாவது நாள் பேரிங் இறுகி, நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு ஆஸ்துமாக்காரர். ஒன்றே முக்கால் மணி நேரம். மயங்கிக் கிடந்தவரைத்தான் வெளியே தூக்கினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று கூட வேலை செய்பவர்கள் இவரைச் சமாதானம் செய்து அனுப்பினார்கள். வந்தவர் சக்களத்தியின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். "நான் நல்லாத்தானே பாத்தேன். நல்லாத்தானே கேட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க தப்பு இல்லைங்க" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். அன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அதற்கடுத்த வாரம், வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் இரண்டு நாள் லீவில் வந்தாள். அவள் வருகிறாள் என்று மெஷினை எப்படியோ ஒட்டுப்போட்டு ஓட வைத்திருந்தார். அவள் தோள் பையைக்கூட இறக்கவில்லை. கம்பியை இழுத்து விட்டாள். குண்டு நேராகப் போய் மேல் ஓட்டையில் விழுந்தது. மணி அடித்தது.

"அய்யே, என்னப்பா, இந்தச் சின்ன மணி காதையே குடையுது. ஒரு துணிய கிணிய வச்சுக் கட்டுங்க" என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "எந்த மணி?" என்றார். ஆயிரத்துக்கு அடித்ததே அதுதான் என்றாள். அவர் மெஷின் கண்ணாடியை உருவினார், பலகையைத் தூக்கி நிறுத்தினார், குச்சியைச் சுண்டினார். "இப்ப?" "அடிக்குதுப்பா." மறுபடி சுண்டினார். "இப்ப?" "ஆமாப்பா. ஏன், உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் திரும்பி, சமையலறை வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றேன். அதைவிடக் கேவலமான வார்த்தை எந்த மொழியிலும் இருக்காது.

"அந்தப் புகார்ப் புத்தகத்துல மூணு தடவ எழுதியிருந்தாங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "மூணு தடவையும் சத்தம் இல்லைன்னு நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உனக்குத் தெரிஞ்சிருக்கு."

காது டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்தார். மெல்லிய கீச்சுச் சத்தங்களெல்லாம் போய்விட்டன, மோட்டார் இரைச்சலிலேயே இத்தனை வருடம் இருந்ததால் வந்தது, போனது திரும்பாது என்றார். கருவி ஒன்று கொடுத்தார். அதை மாட்டினால் உலகமே தகரத்தில் பேசுகிறது என்று இவர் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டார். கம்பெனியில் இவராகவே போய் எல்லாவற்றையும் சொன்னார். இப்போது ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறார். யாரும் அவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். இதை மகள்தான் என்னிடம் சொன்னாள்.

என்னிடம் அவர் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். நாலு வார்த்தை திட்டினால் அழுது தீர்த்திருப்பேன். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், உப்பு குறைந்தால் சொல்கிறார். ஆனால் எதையும் கேட்பதில்லை. முன்பெல்லாம் கேஸ் வாசனை வருதா பாரு, சட்டை முதுகுல கறை இருக்கா பாரு என்று நாள் முழுக்க 'பாரு, பாரு'தான். நான் எரிந்து விழுவேன். இப்போது இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்துத் தன் முதுகைத் தானே பார்த்துக்கொள்கிறார்.

மெஷினை முழுக்கச் சரிசெய்துவிட்டார். தினமும் ஸ்டோரிலிருந்து வந்ததும் கால் மணி நேரம் ஆடுகிறார். ஆயிரம் விழும்போதெல்லாம் மணி அடிக்கும். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். இந்த வீட்டில் அதைக் கேட்க நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

போன வாரம் அது அடிக்கவில்லை. குண்டு விழுந்தது, எண் சக்கரம் நகர்ந்தது, டொக்கென்று ஒரு சத்தம் மட்டும். என் காதில்தான் கோளாறோ என்று மூன்று நாள் நன்றாகக் கேட்டேன். டொக், டொக். மூன்றாம் நாள் எழுந்து போய், என் முகம் தெரியும்படி அவருக்கு எதிரில் நின்றேன்.

"ஏங்க, மூணாவது மணி அடிக்கல. நிஜமாவே அடிக்கல."

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் இல்லை. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு, பலகையைத் தூக்கி, பெட்டிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு குச்சியைச் சுண்டினார். "கேக்குதா பாரு, பாப்பா."

"இல்லப்பா. டொக்குனுதான் கேக்குது."

"நல்லாப் பாத்துச் சொல்லு." இன்னொரு தடவை சுண்டினார்.

"மணி அடிக்கலப்பா. அம்மா இல்லையா அங்க?"

"இருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார். ஸ்குரூடிரைவரை எடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"வெளிச்சத்த மறைக்காத" என்றார்.

நான் நகர்ந்து நின்றேன்.