பதினான்காவது முன்னுரை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நாள் முழுக்கப் பிறரை எழுத்துப் படிக்கவைத்துப் பிழைப்பவர். தாம் எழுதுவதுதான் கொஞ்சம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. கதை எழுத மேசை வாங்கினார். மேசைக்கு விளக்கு வாங்கினார். பின்னட்டைக்கென்று கன்னத்தில் கைவைத்துப் புகைப்படமும் எடுத்துக்கொண்டார். எழுதப்போகும் சிறுகதைத் தொகுப்புக்கு முன்னுரை மட்டும் பதின்மூன்று முறை எழுதிவிட்டார்.

வாரப் பத்திரிகைப் போட்டிக்குக் கதை அனுப்பப்போவதாகக் கடைக்கு வந்த ஒவ்வொரு ஜோடிக் கண்ணிடமும் சொல்லியாகிவிட்டது. இன்று கடைசி நாள். ஐந்து மணிக்குப் பத்திரிகை அலுவலகக் கவுன்டர் மூடிவிடும். இப்போது மணி மூன்றரை.

மனைவி அச்சகத்தில் பிழை திருத்துபவர். மருந்துச் சீட்டைக்கூடச் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பார்.

"கதை எங்கேங்க?"

"வந்துட்டிருக்கு."

"நடந்தா, பஸ்லயா?"

மேசைமேல் அன்று காலை எழுதிய பதினான்காவது முன்னுரை கிடந்தது. மனைவி எடுத்துப் படித்தார். தான் ஏன் இன்னும் எழுதவில்லை என்று கணவர் நான்கு பக்கம் விளக்கியிருந்தார்: மின்விசிறிச் சத்தம், மேசைக்கால் ஆட்டம், அதற்கு முட்டுக்கொடுக்க மச்சினன் செருகிய அகராதி, அகராதி காலடியில் மாட்டிக்கொண்டதால் வந்த எழுத்துப்பிழை பயம். மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சிரிக்க என்ன இருக்கு? அது என் வேதனை."

"நல்ல வேதனைங்க. இதான் கதை." தலைப்பாக இருந்த 'முன்னுரை'யைச் சிவப்பில் அடித்தார். "போய்க் குடுத்துட்டு வாங்க."

"முடிவே இல்லையே."

"பஸ்ல எழுதுங்க."

"அடுத்த வருஷம் நிதானமா..."

"பதினஞ்சாவது முன்னுரையா? அப்ப மேசை எனக்கு. துணி தேய்க்க ஆகும்."

மேசை போய்விடும் என்றதும் செருப்பு மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் நின்றபடியே கடைசி வரியை எழுதினார்: 'அன்று மேசையை மனைவி எடுத்துக்கொண்டாள்.'

எழுதிய கைக்குத் துணிச்சல் வந்துவிட்டது. முன்னுரை என்ற தலைப்பை இவள் யார் அடிக்க? அடித்த சொல் திரும்ப வேண்டுமென்றால் பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவது அச்சகத்து வழக்கம். வீட்டில் வளையவரும் புரூஃப் தாள்களில் பார்த்ததுதான். அடித்த தலைப்பின் பக்கத்தில் அதையே பெரிதாக எழுதினார்.

ஐந்துக்கு நான்கு நிமிஷம். கவுன்டர் பெண் தாளைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினாள். "தலைப்பு, இருக்கட்டும்." முத்திரையும் குத்திவிட்டாள்.

"அது வந்தும்மா..."

"மாத்தணுமா சார்? அப்ப திருத்தி, புதுசா எழுதிட்டு, வரிசைல வாங்க."

பின்னால் ஏழு பேர் நின்றார்கள். கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார்.