கோட்டைக்குள்ளே ஒரு சமரம்

கேரளத்துப் பீர்மேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மாரீஸ்வரிக்கு 'கிரீடப் போர்' விளையாட்டைப் பழக்கிவிட்டவன் அவள் புருஷன் சதீஷ்தான். டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். சவாரி இல்லாத மழை மாதங்களில் போனே கதி என்று கிடப்பான். விளையாட்டில் ஆளுக்கொரு கோட்டை. மரம் வெட்டவும் கல் உடைக்கவும் கோட்டைக்குள்ளே கூலியாட்கள். பலர் சேர்ந்தால் ஒரு கூட்டணி. ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டணிகள் மோதிக்கொள்ளும். தோட்டத்து லயங்களின் வரிசை வீடுகளில் குடியிருக்கும் அறுபத்து மூன்று பேர் சேர்ந்த கூட்டணிக்குத் தளபதி பெரியமுத்து. நிஜத்தில் தோட்டத்து யூனியனுக்கும் அவர்தான் முப்பது வருஷமாகச் செயலாளர்.

மூன்றே மாதத்தில் மாரீஸ்வரி புருஷனைவிடப் பெரிய கோட்டை கட்டிவிட்டாள். ஆனால் ஒன்று மட்டும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கூலியாட்கள் உட்காரவே இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பார்த்தாலும் மரம் வெட்டினார்கள். பத்து மணிக்கு அவள் கூடையை இறக்கி வைத்துப் பால் விடாத கட்டஞ்சாயா குடிக்கும்போது பார்த்தாலும் வெட்டினார்கள். மழையிலும் அப்படியே.

"இவனுவளுக்குப் பசிக்கவே பசிக்காதா?" என்று சதீஷிடம் கேட்டாள்.

"பொம்மைக்கு எங்கட்டி பசிக்கும்?"

"பொம்மைன்னாலும் முதுகு வளையுதுல்லா."

விளையாட்டில் 'யோசனை சொல்லுங்கள்' என்று ஒரு மூலை இருந்தது. தமிழில் எழுதினாலும் அதுவே மாற்றிக்கொள்ளும். மாரீஸ்வரி ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புல்லில் உட்கார்ந்து எழுதினாள். கூலியாட்களுக்குப் பத்து மணிக்கு டீ வேண்டும். மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டும். வாரத்தில் ஒருநாள் லீவு வேண்டும். கொடுக்காவிட்டால் கோடாலியைப் போட்டுவிட்டுக் கோட்டை வாசலில் உட்கார்ந்து சமரம், அதாவது வேலைநிறுத்தம், செய்ய வேண்டும். கோட்டைக்காரர் வந்து பேச வேண்டும். மூன்று தடவை மறுத்தால் பக்கத்துக் கோட்டைக்குப் போய்விட வேண்டும். 'அன்புள்ள வீரரே, உங்கள் கருத்து எங்களுக்குப் பொக்கிஷம்' என்று பதில் வந்தது. அதோடு அவள் மறந்தும் போனாள்.

நாலு மாதம் கழித்து, 'உழைப்பாளர் உரிமை' என்ற பெயரில் அவள் சொன்னது அத்தனையும் விளையாட்டுக்குள் வந்து இறங்கிவிட்டது. கீழே, 'யோசனை: மாரி, பீர்மேடு'.

பெரியமுத்து யூனியன் ஆபீசில் கூட்டம் போட்டு அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். "உலகம் பூரா இருக்க கோட்டையில இன்னிக்கு சமரம் பண்ண உரிமை இருக்குன்னா, அது நம்ம லயத்துப் புள்ள வாங்கிக் குடுத்தது!" என்று மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற குரலில் பேசினார். மாரீஸ்வரிக்குக் கூச்சத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரேசில்காரர்களோடு சண்டை. மதில் ஏறி வந்துவிட்டார்கள். இடிந்த இடத்தில் கல் அடுக்கச் சொல்லிப் பெரியமுத்து விரலால் தட்டுகிறார், ஒருத்தனும் அசையவில்லை. நானூறு கூலியாட்களும் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே பலகை: டீ, கூரை, லீவு.

"சண்டை நேரத்துல டீ கேக்கானுவ! என்ன திமிரு பாத்தியா!" என்று குழுவில் குரல் செய்தி போட்டார். 'மறுக்கிறேன்' என்பதை அழுத்தினார். பிறகும் அழுத்தினார். மூன்றாவது தடவை அழுத்தியதும் நானூறு பேரும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, முதல் நாளே டீக்கொட்டகை போட்டிருந்த மாரீஸ்வரியின் கோட்டைக்கு நடையைக் கட்டினார்கள். பத்தே நிமிடத்தில் பெரியமுத்துவின் கோட்டை பிரேசில் வசமானது.

மறுநாள் சாயங்காலம் பெரியமுத்து ஒரு தாளோடு மாரீஸ்வரியின் லயத்துக்கு வந்தார். விளையாட்டுக் கம்பெனிக்கு மனு. சமரம் செய்யும் வசதியை எடுத்துவிடும்படி.

மாரீஸ்வரி வாங்கிப் படித்தாள். 'தற்போதைய சூழலில் இக்கோரிக்கைகள் உற்பத்தியைப் பாதிக்கும். சிலரது தூண்டுதலால் அமைதி கெடுகிறது. நிலைமை சீரானபின் உரிய நேரத்தில் பரிசீலிக்கலாம்.'

"அண்ணே, இது போன வருஷம் நம்ம லயத்துக் கூரை ஒழுகுதுன்னு கேட்டப்ப மேனேஜர் அனுப்புன லெட்டருல்லா?"

"ஆமா. வேண்டாம்னு சொல்லதுக்கு அதைவிட நல்லா யாரு எழுத முடியும்?" என்றார் பெரியமுத்து, கொஞ்சமும் கூசாமல்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மத்த அறுபத்திரெண்டு பேரும் போட்டாச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள். சதீஷ் அடுப்பில் இல்லாத பாலைக் கிண்டிக்கொண்டிருந்தான். "என் ஆளுவளும் உக்காந்துட்டானுவ புள்ள," என்று முனகினான்.

அன்று பெரியமுத்து கோபித்துக்கொண்டு போனவர் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

கம்பெனி சமரத்தை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒன்றை விற்பனைக்கு விட்டது. பெயர் 'மேற்பார்வையாளர்'. மீசை வைத்த, கையில் பிரம்பு வைத்த ஒரு பொம்மை. வாங்கி வாசலில் நிறுத்தினால் ஏழு நாளைக்கு எவனும் உட்கார மாட்டான். முதல் ஆளாக வாங்கினவர், பழையபடி கோட்டை கட்டத் தொடங்கியிருந்த பெரியமுத்து. தோட்டத்தில் சூப்ரவைசரைக் கண்டாலே காறித் துப்புகிறவர்களெல்லாம் அன்றைக்கே ஆளுக்கொரு மீசைக்காரரை வாங்கி நிறுத்தினார்கள். மாரீஸ்வரி மட்டும் வாங்கவில்லை.

எட்டாம் நாள் காலையில் மீசைக்காரர்கள் மறைந்தார்கள். அறுபத்திரெண்டு கோட்டையின் கூலியாட்களும் உட்கார்ந்து, மூன்று தடவை மறுப்பு வாங்கிக்கொண்டு, ஒன்றாகக் கிளம்பி, டீ கிடைக்கும் ஒரே கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். மூவாயிரம் பேர். மாரீஸ்வரிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்குள் டீத்தூள் தீர்ந்தது, கொட்டகையில் இடமில்லை. சாயங்காலம் மூவாயிரம் பேரும் அவள் வாசலிலேயே பலகையோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

"எவ்வளவு குடுத்தாலும் இதுவளுக்குப் பத்தாது!" என்றாள் மாரீஸ்வரி. பெருவிரல் 'மறுக்கிறேன்' மேல் போய் நின்றது. அப்போதுதான் தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்தது. கொழுந்து எடை போடுகிற இடத்தில் தினமும் பீல்டு ஆபீசர் சொல்கிற சொல். விரலைச் சுட்டதுபோல எடுத்துக்கொண்டாள்.

நேராக யூனியன் ஆபீசுக்கு நடந்தாள். பெரியமுத்து தன் காலிக் கோட்டையைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன விஷயம்?"

"ஆளுவ உக்காந்துட்டானுவண்ணே. எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியல."

பெரியமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் போனை வாங்கினார். பலகையை ஒருமுறை படித்தார். இரண்டாம் முறை படிக்கும்போதே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷப் பழக்கம்.

"கோரிக்கை நியாயமாத்தான் இருக்கு," என்றார்.

"கூரை போட மரத்துக்கு எங்கண்ணே போவேன்?"

"கஷ்டக் கதையெல்லாம் எங்கிட்ட சொல்லாதீங்க மேடம். இந்தக் கோட்டை யாரு வேர்வையில எந்திரிச்சது?"

மேடம் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. மேசையைத் தட்டினார். ஒரு தடவை எழுந்து வாசல்வரை வெளிநடப்பு செய்து, அவள் கூப்பிட்ட பிறகே திரும்பி வந்தார். மூன்று வேளை டீ என்று பிடிவாதம் பிடித்து இரண்டுக்கு இறங்கினார். வாரத்துக்குப் பத்துக் கூரை. ஞாயிறு சண்டை என்பதால் லீவு திங்கள், அன்று இரட்டைக் கஞ்சி. அந்த இரட்டைக் கஞ்சியில் மட்டும் அவர் ஒரு பிடிகூட விட்டுக்கொடுக்கவில்லை.

மாரீஸ்வரி விளையாட்டில் அதையெல்லாம் குறித்து 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினாள். மூவாயிரம் பேரும் எழுந்து கோடாலியைத் தோளில் போட்டார்கள். பெரியமுத்துவின் கண் கலங்கியிருந்தது. மேனேஜருக்குக் கொடுப்பதுபோலவே விறைப்பாக அவளுக்குக் கை கொடுத்தார். பிறகு வராந்தாவுக்குப் போய் நின்று, "தோழர்களே, நம்ம சமரம் ஜெயிச்சிருச்சு!" என்று முழங்கினார்.

எதிரே குமுளி பஸ்ஸுக்கு நின்றிருந்த நாலு பேர், என்ன ஏதென்று தெரியாமலே கைதட்டினார்கள்.